நடுவுக்கு வலப்பக்கம்

அக்கா,

இன்று காலை உன் ஏர் ரைஃபிள் பையைத் திறந்ததும் பழைய இன்சுலேஷன் டேப்பின் பசை வாசனை அடித்தது. துப்பாக்கி மேல் குறி பார்க்க மாட்டும் ரெட் டாட் சைட்டின் முன்கண்ணாடியை மூடி நீ ஒட்டிய கறுப்பு டேப், சூட்டில் இளகி ஓரம் சுருண்டிருந்தது. நீ போனதிலிருந்து ரைஃபிள் கிளப்பிலேயே கிடந்த, நான் தொடாத பை. தொடப் பயம்.

நீ அதை முதலில் ஒட்டியபோது, "கண்ணாடிய மூடிட்டு எத்தப் பாத்து சுடுவ?" என்று கேட்டேன். "ரெண்டு கண்ணையும் தொறந்து வையிடி. வலது கண்ணுக்குப் புள்ளி தெரியும், இடது கண்ணுக்குக் குறி அட்டை தெரியும். மூளையே ரெண்டையும் சேத்து வெச்சிடும்" என்றாய். நம்பாமல்தான் சுட்டேன். இருட்டுக்குள் கிடந்த சிவப்புப் புள்ளி தானாக வந்து அட்டையின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. காணையிலிருந்து திண்டிவனம் கிளப்புக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பெல்லாம் பறந்துவிட்டது.

அப்புறம் உன் குண்டுகள் இடப்பக்கம் போகத் தொடங்கின. "பேஜாரு புடிச்ச சைட்டு, மறுபடியும் விலகிக்கிச்சு" என்று திட்டிக்கொண்டே, குண்டு வலப்பக்கம் வரும்படி திருகாணியைத் திருப்புவாய். அடுத்த ஞாயிறு மறுபடி இடப்பக்கம், மறுபடி திருகல். விற்ற கடைக்காரனிடம் போனில் சண்டையும் போட்டாய். ஒருநாள் டேப் உரிந்து விழுந்ததைப் பொருட்படுத்தாமல் சுட்டாய். குண்டு எங்கோ வலக்கோடியில் பட்டது. டேப் இல்லாவிட்டால் வலது கண்ணே புள்ளியையும் அட்டையையும் சேர்த்துப் பார்த்துவிடும்; சைட் நிஜத்தில் எங்கே திருகியிருக்கிறதோ அங்கேதான் குண்டு படும். அப்போதுதான் புரிந்தது, விலகியது சைட் இல்லை, உன் கண்கள்.

கண்ணில் தொடங்கிய அந்த நரம்பு நோய் உன் மூச்சில் போய் முடிந்தது. புதுச்சேரி டாக்டர் என்னிடம், "கூடப் பொறந்தவங்களும் அப்பப்போ கண்ணப் பாத்துக்கணும்" என்றார். "வானம் இருட்டறதுக்கு முன்னாடியே துணி எடுக்கறவ நீ" என்று கேலி செய்வாயே, அது இப்போது முற்றிப் போயிற்று. போன வாரம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு போர்டு இரண்டாகத் தெரிந்தது. தெரிந்ததா, நானே நினைத்துக்கொண்டேனா? அதனால்தான் பையைத் திறந்தேன்.

கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் செல்வம் அண்ணன் அட்டை மாட்டிக் கொடுத்தார். புது டேப் ஒட்டிச் சுட்டேன். வலப்பக்கம் பட்டது. இன்னொன்று, அதுவும் அங்கேயே. செல்வம் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"அக்கா போனப்புறம் சைட்ட நடுவுக்குத் திருப்பி வெச்சீங்களாண்ணே?"

"வெச்சேன்னுதான் நெனைக்கறேன்... சரியா நெனப்பில்லம்மா. டேப்ப எடுத்துட்டு ஒரு தபா சுட்டுப் பாரேன்."

அப்போதும் வலப்பக்கம் பட்டால் அது நீ திருகி வைத்தது. நடுவில் பட்டால் கோளாறு என் கண்ணில். டேப்பை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தேன். 'பனமலையானே, நடுவில் மட்டும் பட வேண்டாம்' என்று வேண்டிக்கொண்டு சுட்டவள் இந்தக் கிளப்பில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வலப்பக்கம்தான் பட்டது, அதே ஓட்டைகளை ஒட்டி. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"இன்னாம்மா, குறி தப்புனதுக்கா இப்புடி அழுவுற? குடு, ஜல்தியா நடுவுக்கு செட் பண்ணித் தர்றேன்" என்று கை நீட்டினார்.

"வேணாண்ணே. அது அப்படியே இருக்கட்டும்."

பயம் தீர்ந்துவிடவில்லை, அக்கா. இன்றைக்கு இல்லை, அவ்வளவுதான். இனி அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டேப் ஒட்டிச் சுட்டுப் பார்ப்பேன். நீ திருகி வைத்த இடத்திலேயே குண்டு போய்த் தைக்கிறவரை என் கண்கள் இரண்டும் ஒற்றுமையாக இருக்கின்றன. என்றைக்காவது டேப்போடு சுட்டது நடுவில் பட்டுவிட்டால், என் கண்களும் உன் கண்களைப் போலவே விலகிவிட்டன என்று அர்த்தம்; அன்றைக்கு உன்னைத்தான் முதலில் கூப்பிடுவேன்.