வேம்பு சமாதானமான வாரம்

1933 ஜூலை 3, திங்கள்

கபாலி துறைமுக ஆபீசில் கொடுத்த டைரியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். பாதி வருஷம் போன பிறகு. பெற்ற பிள்ளை! இதையும் குறித்துக்கொள்கிறேன்.

நான் மூணாங்கிளாஸோடு சரி. எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் யார் எப்போது என்ன செய்தார்கள் என்பதில் ஒன்றுகூட எனக்கு மறக்காது. பின்னே டைரி எதற்கு? நான் போன பிறகு இத்தனை கோபங்களையும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலைதான்.

முதல் கோபம் எதிர்வீட்டு ஜைதூன் பீ. அவள் ஆடு கொடியில் உலர்த்தியிருந்த என் கூறைப்புடவையின் முந்தானையைத் தின்றது. பதினொரு வருஷம் ஆகிறது. ஆடு செத்தும் பல வருஷம் ஆச்சு. ஆட்டின்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அது வாயில்லாத ஜீவன். "பட்டு நல்லா ஜீரணமாச்சும்மா" என்று அவள் வந்து சொன்னாளே, அதற்குத்தான்.

அடுத்தது பள்ளிக்கூடத்துத் தலைமை டீச்சர் காமாக்ஷி. பேத்தி வேம்புவைச் சேர்க்கப் போன அன்று, பேனாவைத் தராமல் மைப் பெட்டியை நீட்டிக் கைநாட்டு வைக்கச் சொன்னாள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். போட்டேன். கேட்காத இடத்திலும் ஒன்று போட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 6, வியாழன்

பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரம்மா வந்தாளாம். வேம்புதான் இங்கிலீஷ் பாட்டு ஒப்பிக்க வேண்டியவள். ஒரு மாதமாக வீட்டில் அதே பாட்டு. எனக்கே பாதி மனப்பாடம். சபையில் போய் நின்றதும் குழந்தைக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. அடிக்கு ஒரு விக்கல். நிறுத்தவும் தெரியாமல் கடைசி அடி வரைக்கும் விக்கி விக்கியே சொல்லி முடித்து, கும்பிடு போடும்போது பெரிதாக ஒன்று விக்கினாளாம்.

கபாலி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். வேம்புவும் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள்.

ஜூலை 11, செவ்வாய்

மருமகள் தனகோட்டி சொல்லித்தான் தெரிந்தது. காலைப் பிரார்த்தனை நேரத்தில் வேம்புவைச் சுவரைப் பார்த்து நிற்க வைக்கிறார்களாம். தினமும். பள்ளிக்கூடத்துப் பேரைக் கெடுத்தாளாம். வழியில் போனால் மற்ற பெண்கள் "விக்" "விக்" என்கிறார்களாம்.

"ரெண்டு பேர் சடையைப் புடிச்சி இழுத்துட்டு வந்து சொல்லு, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"பரவால்ல ஆயா" என்கிறாள்.

பரவாயில்லையா? இந்த வீட்டில் யார் அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தது?

ஜூலை 13, வியாழன்

துரோகம். வேம்பு, ஜைதூன் பீயின் பேத்தி வஜீஹாவோடு சமாதானம் ஆகிவிட்டாள்! திரை போட்ட ஒரே பள்ளிக்கூட வண்டியில் தினமும் போய்வந்தும், ஆட்டை முன்னிட்டு இரண்டும் முகம் கொடுத்துப் பேசினது கிடையாது. நான் வளர்த்த வளர்ப்பு அப்படி.

"இன்னாத்துக்குச் சண்டை ஆயா, எல்லாரும் நல்லவங்கதான்" என்று சிரித்த முகமாகச் சொல்கிறாள். அவளோடு இன்று நான் பேசவில்லை.

ஜூலை 14, வெள்ளி

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் ஜைதூன் பீ தெருவைத் தாண்டி வந்து வாசலில் நின்றாள்.

"உள்ள வரலாமா, இல்ல ஆட்டுக் கதைய மொதல்ல பாடி முடிச்சிர்றியா?"

"வா. கதை எங்கயும் ஓடிப் போவாது."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வேம்புவின் சோழிப் பை. பாசிமணி. தீபாவளிக்கு வாங்கின சிவப்பு ரிப்பன்.

"உன் பேத்தி வஜீஹாவுக்குக் குடுத்துக்கீறா. 'எனக்கு இனிமே வேணாம், நீ வெச்சுக்கோ'ன்னு சொல்லிக் குடுத்துக்கீறா. முன்னால திட்டுனதுக்கெல்லாம் மாப்பும் கேட்டாளாம். எனக்கு இது புடிக்கல. உங்க வம்சத்துல எவளாச்சும் மாப்பு கேட்டுக்கீறாளா?"

"இல்ல."

"அதான் ஓடியாந்தேன்" என்றாள். வஜீஹாவிடமே இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் மறுபடி முடிந்துகொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் மன்னித்தவர் ஒரே ஒருத்தர். என் அண்ணன். இருபது வருஷம் பேசாத மைத்துனனைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டான். மறுநாள் அண்ணன் உயிரோடு இல்லை. போகிறவர்கள்தான் எங்கள் வீட்டில் சமாதானம் ஆவார்கள்.

வேம்பு வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்தேன். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

"ஏம்மா, செத்துப் போலாம்னு தோணுதா உனக்கு?"

அடுப்படியில் தனகோட்டி கையிலிருந்த கரண்டி விழுந்தது. வேம்பு பாயிலிருந்து கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். புதுப் பாய். பிய்க்கட்டும் என்று விட்டேன்.

"நான் இல்லாங்காட்டி எல்லாருக்கும் நல்லதுன்னு தோணுது ஆயா. கொஞ்ச நாளா."

இத்தனை வருஷம் வாயாடினவள் நான். என்ன சொல்வது? திட்டுவதா? அழுவதா? கடைசியில், "கோவமில்லடி. சொன்னியே, அதுவே பெருசு. இன்னும் சொல்லு" என்றேன். விளக்கு வைக்கும்வரை சொன்னாள். அழுதாள். பிறகு சுமைதாங்கிக் கல்லில் கூடையை இறக்கினவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, ரசஞ்சாதம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

கபாலியிடம் சொன்னோம். "கொழந்தை ஏதோ சொல்லுது, ரெண்டு நாள்ல சரியாப் பூடும்" என்றான்.

"உன்னை நாய் கடிச்சப்ப உங்கப்பனும் இதையேதான் சொன்னாரு" என்றேன்.

அவன் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன பேசுவது என்று தெரியாமல், துறைமுகத்துக்கு இன்றைக்கு எந்தெந்தக் கப்பல் வந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவளும் கேட்டுக்கொண்டே இருந்தாள். என் பிள்ளை அசடுதான். ஆனாலும் எழுந்து போகவில்லை, அதைக் கணக்கில் வைக்கிறேன்.

ஜூலை 16, ஞாயிறு

இரண்டு நாளாக வேம்புவுக்குப் பேன் பார்க்கிறோம்.

அவளைத் தனியே விடக் கூடாது என்று முடிவு. காவல் என்று தெரிந்தால் கூசிப் போவாளே என்று பேன் சீப்பை எடுத்தேன். காலையில் நான், மத்தியானம் ஜைதூன் பீ, சாயங்காலம் தனகோட்டி. ஜைதூன் பீக்கு முறை தெரியவில்லை, என் வேளையிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

"தோ, ஒண்ணு ஓடுது பாரு!" என்றாள்.

"எங்க?"

"நீ கேட்ட நேரத்துல பூட்ச்சி."

"ஆயா, எனக்குப் பேனே இல்ல" என்றாள் வேம்பு.

"இல்லாத பேனைப் புடிக்கத்தான் நேரமாவும். உக்காரு."

கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க ரெண்டு பேரும் என்னைக் காவல் காக்கறீங்களா?" என்றாள்.

"ஆமா" என்றோம், இரண்டு பேரும் ஒரே மூச்சில். பதினொரு வருஷத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

"அப்ப சும்மா உக்காந்தே காவல் இருங்க. மண்டை எரியுது."

சிரித்தாள். தாமதமில்லாமல் சிரித்தாள்.

ஜூலை 17, திங்கள்

பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஜைதூன் பீயும் புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கச்சேரி ரோட்டில் ஜட்கா ஏறும்போது யார் பின்னால் உட்காருவது என்று தகராறு. வண்டிக்காரன், "கனமானவங்க முன்னால வாங்க" என்றான். இரண்டு பேரும் நகரவில்லை. குதிரைதான் பாவம்.

காமாக்ஷி டீச்சர் நாற்காலி காட்டினாள். நடந்ததைச் சொன்னேன்.

"டிசிப்ளின்னு ஒண்ணு இருக்கோல்லியோ?" என்றாள். "அதுவும் இதையெல்லாம் கொழந்தைகள்ட்ட வாய்விட்டுக் கேக்கப்படாது. இல்லாத எண்ணமும் வந்துடும்."

"நீ கேக்காமலே வந்துகீது டீச்சர். நான் கேட்டப்புறம்தான் சோறே துன்னா."

டீச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். வெள்ளைப் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"எனக்குப் பதிமூணு வயசுல தலையை மழிச்சா. அப்போ என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை" என்றாள்.

ஜைதூன் பீ புர்காவுக்குள் மூக்கைச் சிந்தினாள். நான் கைநாட்டுக் கோபத்தில் பாதியைத் தள்ளுபடி செய்தேன். பாதிதான்.

"இனிமே இந்தப் பள்ளிக்கூடத்துல யாரும் செவுத்தப் பாத்து நிக்க வேண்டாம்" என்றாள் டீச்சர். "வேம்பு கார்த்தால நேரா என் ரூமுக்கு வரட்டும். நான் கேக்கறேன். ஒரு தரம் கேட்டா போறாது. நல்லா இருக்கற நாள்லயும் கேக்கணும்."

இது எனக்குத் தோன்றவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

எப்படிக் கேட்டேன் என்று திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவளும் சொல்லிப் பார்த்தாள். வாய் வரவில்லை. "செத்து" என்ற இடத்தில் நின்று நின்று போயிற்று. "இன்னும் பலமா, டீச்சரம்மா" என்றாள் ஜைதூன் பீ. கதவுக்கு வெளியே நின்ற பியூன் பயந்துபோய் உள்ளே எட்டிப் பார்த்தான்.

ஜூலை 19, புதன்

வேம்புவிடம் சம்மதம் கேட்டுவிட்டு, டீச்சர் பிரார்த்தனைக் கூட்டத்தில் சொன்னாளாம்: "விக்கறதுன்னா அவ்வளவு வேடிக்கையா இருக்கா? எல்லாருமா இப்பவே விக்கி முடிச்சுடுங்கோ." பள்ளிக்கூடமே விக்கியதாம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்களாம். கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய் நிறுத்திவிட்டார்கள். நிற்காதது டீச்சருக்குத்தான். நிஜமாகவே பிடித்துக்கொண்டு மூணாவது பீரியட் வரை போகவில்லையாம்! வேம்புதான் ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாளாம்.

ஜூலை 22, சனி

காமாக்ஷி டீச்சர் வீட்டுக்கு வந்து வேம்புவோடு பேசிவிட்டுப் போனாள். நம் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குறித்துக்கொண்டேன்.

ஜூலை 26, புதன்

மறுபடியும்.

சாயங்காலம் வேம்பு வந்ததும் படுத்துக்கொண்டாள். "இன்னிக்குத் தோணுச்சு ஆயா. டீச்சர் கேட்டாங்க, சொல்லிட்டேன்." சரியாகிவிட்டது என்று நான் இரண்டு நாளாகத் தெருவெல்லாம் தெம்பாக நடந்துகொண்டிருந்தேன். என்மேலேயே எனக்குக் கோபம். இதையும் குறிக்க வேண்டுமா? குறித்துவிட்டேன்.

ஜூலை 27, வியாழன்

டீச்சருக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் போனோம். அவள் எங்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு வேம்புவோடு மட்டும் வெகு நேரம் பேசினாள். வாராவாரம் வரச் சொன்னாள். ஒரு டானிக்கும் கொடுத்தாள். குழந்தைக்குக் கொடுப்பது எப்படி இருக்கிறதோ என்று நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கர்மம். ஜைதூன் பீயும் குடித்துப் பார்த்தாள். எனக்குக் கசந்தது என்றதால் அவள் இனிக்கிறது என்று சாதித்தாள்.

ஆகஸ்ட் 2, புதன்

சாப்பிட்டாள். பேசினாள். கேட்டேன். "இன்னிக்கு இல்ல" என்றாள்.

ஆகஸ்ட் 19, சனி

இன்று தெருவில் பெரிய ரகளை. நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வேம்புவும் வஜீஹாவும் நடுத்தெருவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"என் சோழியைக் குடுடி!"

"குடுத்தது குடுத்ததுதான். கேக்க வெக்கமா இல்ல?"

"அப்பப் போறதா இருந்தேன், குடுத்தேன். இப்ப இருக்கப் போறேன். குடுடி!"

எதிர் வாசலில் ஜைதூன் பீ நின்றிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, அவளும் என்னைப் பார்க்கவில்லை. முறத்தில் உமி பறந்து கண்ணில் விழுந்துவிட்டது. அவளுக்கு அங்கே என்ன பறந்ததோ.

வஜீஹா பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பார்த்துக்கொண்டதற்குக் கூலி என்று இரண்டு சோழியை எடுத்துக்கொண்டாள். வேம்பு ஒன்றைத் திரும்பப் பிடுங்கினாள். "மூஞ்சியில முழிக்காதே" என்று ஏசிக்கொண்டே இரண்டும் சாயங்காலம் வரை அந்தச் சோழிகளையே வைத்து ஆடின.

ஆகஸ்ட் 26, சனி

ஜைதூன் பீ பிரியாணி கொடுத்தனுப்பினாள். நாங்கள் சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். வேண்டுமென்றே செய்கிறாள்.

செப்டம்பர் 4, திங்கள்

வேம்பு பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் சொன்னாள்.

"ஆயா, எங்க வண்டியில இரண்டாம் பாரம் படிக்கிற நஸ்ருன்னிசான்னு ஒரு பொண்ணு. நாலு நாளா சன்னலோரத்துக்குச் சண்டை போடல. யார் கேட்டாலும் எழுந்து குடுத்துர்றா. எனக்கு ஒரு மாதிரியா இருந்திச்சு. பக்கத்துல போய் உக்காந்து கேட்டேன்."

"இன்னான்னு கேட்ட?"

"நீ கேட்ட மாதிரிதான். அவ அழுதுட்டா. 'யாருக்கும் சொல்லாதே'ன்னா. 'சொல்லுவேன்'னு சொல்லிட்டுக் கையைப் புடிச்சிக் காமாக்ஷி டீச்சர்கிட்ட கூட்டிக்கினு பூட்டேன். டீச்சர் இப்ப அவளோட அவங்க வீட்டுக்குப் போயிருக்காங்க."

"அந்தப் பொண்ணு உன்மேல கோவமா கீதா?"

"ரொம்ப. நாளைக்கு அவ பக்கத்துல எடம் புடிக்கணும். வண்டி மொதல்ல அவங்க தெருவுக்குத்தான் போவும். நான் நடந்து அங்கயே போயி ஏறிக்கிறேன். காத்தால சீக்கிரம் எழுப்பி விடு ஆயா."

எழுப்புகிறேன் என்றேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

இருட்டோடு எழுப்பினேன். "போ ஆயா, இன்னும் கொஞ்ச நேரம்" என்று என்னைத் திட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

மறுபடியும் எழுப்பினேன்.