அத்திவாரக் குழியில் முளைத்த கங்குன்

மாத்தளை
10.11.1974

அன்பு மகன் நுஹ்மானுக்கு, உம்மாவின் ஸலாம். றப்பான அல்லாஹ்வின் காவலில் நானும் மாமாவும் இந்த மழையில் நனைந்தும் காய்ந்தும் நன்றாகவே இருக்கிறோம், மன்னார்க் காற்றில் உன் உடம்பும் கெடாமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சீமெந்துக்கு வழி கிடைத்துவிட்டது, டிசம்பர் லீவுக்கு மேசன் பாஸையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வாசித்ததும் சந்தோஷம் தாங்கவில்லை, அடுத்த நிமிஷம் நெஞ்சு திக்கென்றது. ஏனென்று சொல்கிறேன், கோபப்படாமல் கடைசி மட்டும் வாசி.

போன வருஷம் மழைக்கு முன்னால் பக்கத்துக் காணியில் பாத்திஹா ஓதி அத்திவாரம் வெட்டிவிட்டு நீ போனாய், அதோடு சீமெந்து ஊரிலேயே இல்லாமல் போனது. மழை பிடித்ததும் குழியெல்லாம் தண்ணீர் நின்றது, தவளைகள் குடிவந்துவிட்டன. உன் மகனுடைய புது வீட்டில் பால் காய்ச்சியது தவளைகள்தான் என்று பதுர்தீன் மாமா என்னைக் கேலி செய்யாத நாளில்லை. அந்தத் தண்ணீரில்தான் நம் பக்கத்து அறைத் தங்கம்மா, கராம்பு ஸ்டோரில் துப்புரவு பார்க்கிறாளே, அவள் ஒருநாள் கங்குன் கீரை ஆய்ந்த காம்புகளைக் குப்பையென்று வீசிவிட்டுப் போனாள். காம்பு சும்மா கிடக்குமா, வேர்விட்டுப் படர்ந்து கொஞ்ச நாளில் உன் முன்சுவர் வரவேண்டிய இடம் முழுக்கப் பச்சை. நான் பிடுங்கி எறியத்தான் போனேன் மகன், ஆனால் கை போகவில்லை.

நம் வரிசை வீடுகளில் பிள்ளைகள் தின்பது உனக்குத் தெரியும். காலையில் சங்கக்கடை மாவில் ஒரு ரொட்டியும் ப்ளேன்டீயும், பின்னேரம் அதுவே திரும்பவும். நுவரெலியா மரக்கறி லொறிகள் நம் சந்து வாயிலால் கரட்டும் கோவாவும் நிறைத்துக்கொண்டு திருகோணமலைக்குப் போகின்றன, வாசனைதான் நமக்கு. தங்கம்மாவின் சின்ன மகள் அழகாயிக்கு இருட்டத் தொடங்கினால் கண் தெரியாமல் போயிற்று, அஸர் தாண்டினால் சுவரைத் தடவித் தடவி நடப்பாள், மற்றப் பிள்ளைகள் அவளை விளையாட்டில் சேர்ப்பதில்லை. மிட்வைஃப் நோனா வந்து பார்த்து மாலைக்கண் என்றார், கீரையும் பூசணியும் பப்பாசியும் தினமும் கொடுக்கச் சொன்னார். நல்ல மனுஷிதான். அதற்குத் தங்கம்மா, “கெடைச்சா குடுக்க மாட்டேனாங்க நோனா, நான் வேலை விட்டு வர்றப்ப சந்தையில வெளக்குமாறு மட்டுந்தாங்க நிக்குது” என்றாள். எனக்கு உன் அத்திவாரக் குழி ஞாபகம் வந்தது. உன்னைக் கேட்டு எழுதியிருக்கலாம், பொறுக்கவில்லை, அன்றைக்கே அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வேண்டியதை ஆய்ந்துகொள் என்று விட்டுவிட்டேன்.

இப்போது வந்து பார். குழியில் கங்குன், குழிகளுக்கு நடுவில் நீ கீறிக் காட்டிய அறைகளில் ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொன்று நட்டிருக்கிறார்கள். ஹோலில் மரவள்ளி, உன் அறையில் வல்லாரை, சமையலறையில் கத்தரி, எனக்கென்று கிழக்கே ஜன்னல் வைத்து நீ கீறிய அறையில் பூசணிக்கொடியும் பப்பாசியும். பெண்கள் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் பேசுகிறார்கள், உன் அறையில் வல்லாரை முற்றிப் போகுது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதைவிட ஒரு விஷயம், ஒருவரும் குழியைத் தாண்டி உள்ளே பாய்வதில்லை. முன்கதவு வரும் இடம் என்று நீ வெட்டாமல் விட்டாயே, அதன் வழியாகத்தான் போவார்கள், செருப்பையும் அங்கேயே கழற்றி வைப்பார்கள். கதவும் இல்லை, சுவரும் இல்லை, வாசலில் மட்டும் வரிசையாகச் செருப்பு. நான் பின்னேரங்களில் என் அறைக்குள் ஒரு பலகை போட்டு உட்கார்ந்துவிடுவேன். மலையிலிருந்து பனிப்புகார் இறங்கி வரும், ஸ்டோர்ப் பக்கமிருந்து கராம்பு வாசம் வரும், பூசணிப் பூவெல்லாம் விளக்கு ஏற்றினாற்போலத் தெரியும், நான் விழித்திருக்கிறேனா உறங்குகிறேனா என்றே விளங்காது. ஒருநாள் நம்மை விட்டுப் போன உன் மர்ஹூம் வாப்பா அந்த வாசலால் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, எல்லா அறையையும் மெதுவாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, வீடு குளிர்ச்சியாக இருக்கிறது மஸீனா என்று சொன்னதுபோல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் மழைத்தூறல்.

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. “இன்னிக்குக் கீரைன்னு வருவாங்க, நாளைக்குக் காணியே எங்கடன்னு செல்லுவாங்க” என்று பயப்படுகிறார். அவர் உன் நன்மைக்குத்தான் சொல்கிறார், அவரோடு சண்டை பிடிக்காதே. உன் கடிதம் வந்த செய்தியைத் தங்கம்மாவிடம் சொன்னேன். அவள் மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் வந்து தன் மரவள்ளியைப் பிஞ்சுக் கிழங்கோடு பிடுங்க ஆரம்பித்துவிட்டாள், உனக்கு இடைஞ்சலாக இருக்குமென்று. நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் மஃரிபுக்குப் பாங்கு சொல்ல, அழகாயி ஒரு கிண்ணத்தோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் மீனெண்ணெயும் கொடுத்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும், ஆனால் இத்தனை மாதமாக அவள் வயிற்றுக்குப் போனது உன் வீட்டுக் கீரை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, நான் எழுந்து கை கொடுக்கப் போனேன், அவள் என்னைத் தேடவே இல்லை. வாசலில் கிடந்த செருப்புகளில் தாயின் செருப்பைச் சரியாகப் பார்த்து அதன் பக்கத்தில் தன்னுடையதைக் கழற்றி வைத்தாள், நேரே என் பூசணி அறைக்கு நடந்து வந்தாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன் மகன்.

அதனால் கேட்கிறேன். வீட்டைக் கட்டு, கட்டாதே என்று சொல்ல மாட்டேன், கூரை ஒழுகும் இந்த வாடகை அறையில் நீ என்னை வைத்துக்கொண்டு படும் மனவருத்தம் எனக்குத் தெரியும். சொந்தமாக ஒரு ஜன்னல் வேண்டுமென்ற ஆசை எனக்கும் கொஞ்சமல்ல. ஆனால் எனக்கென்று கீறிய அந்த அறையை மட்டும் கட்டாதே. அதையும் அதன் பின்னால் உள்ள நிலத்தையும் அப்படியே விட்டு, சந்துப் பக்கம் ஒரு வாசல் வை, கதவு வேண்டாம். நான் ஹோலில் ஒரு மூலையில் படுத்துக்கொள்வேன். உனக்கு மனம் ஒப்பாவிட்டால் ஒப்பவில்லை என்றே எழுது, நான் தங்கம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உன் ஆயுளிலும் உண்ணும் ரிஸ்கிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, நீ கட்டும் வீட்டில் பசித்தவர் யாரும் வெறுங்கையோடு திரும்பாதிருக்கட்டும். வரும்போது கருவாடு கொஞ்சம் கொண்டு வா, கங்குனோடு போட்டால் நன்றாக இருக்கும். பஸ் அந்திக்குத்தான் வந்து சேரும், அவசரத்தில் குழிக்கு மேலால் பாய்ந்து வந்துவிடாதே, வாசலால் வா, செருப்பைக் கழற்று. அழகாயி பார்த்துக்கொண்டிருப்பாள்.

துஆவுடன்,
உன் உம்மா
மஸீனா