அரைக்கட்டை மேலே

9.6.98, செவ்வாய்

அக்கா, மன்னித்துக்கொள். உன் பாட்டுக் கொப்பியின் கடைசித் தாள்களில் எழுதுகிறேன். கடையில் கொப்பி இல்லை. நீ பின்பக்கம் திருப்பமாட்டாய் என்ற நம்பிக்கை.

சோளகக் காற்று. கண் முழுக்க மணல். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, றேடியோவுக்குப் போகும் டைனமோ வயரைத் திரும்பக் கட்டினேன். சனிக்கிழமை அந்தோனியார் பெருநாள். மாலைப் பூசைக்குப் பிறகு எங்கள் கோஷ்டி. அக்கா பாட்டு, கிற்றார். நான் ஆர்மோனியம். தங்கச்சி றீற்றா டோலக்.

எங்களைத் திருத்துவதற்குக் கோவில் சபை ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு மாஸ்ரரைக் கூட்டிவந்திருக்கிறது. நரைமீசை. அதிகம் கதைக்காதவர். ஒரு பாட்டுக் கேட்டார். ஆர்மோனியத்தில் விரலை வைத்தார், எடுத்தார். நாங்கள் கசற் கேட்டுப் பழகிப் பாடுவதெல்லாம் கசற்றில் உள்ள சுருதியைவிட அரைக்கட்டை மேலே நிற்கிறதாம்.

பையிலிருந்து நாலு பற்றரி எடுத்து றேடியோவில் போட்டு, எங்கள் கசற்றை ஓடவிட்டுக் காட்டினார். ஆறு வருடமாக இளம்பெடியன் என்று நினைத்திருந்த பாடகர், தொண்டை தடித்த பெரிய மனிசன்.

அக்காவும் நானும் றீற்றாவைப் பார்த்தோம். கரண்ட் இல்லாத ஊரில் கசற் கேட்கச் சைக்கிள் பெடலைச் சுற்றுவது எப்போதும் அவள்தான். வேகமாகச் சுற்றினால் கசற்றும் வேகமாக ஓடும், சுருதி ஏறும். மெல்லச் சுற்றத் தெரியாதவள்.

"நான் என்ன செய்ய? பாட்டு நல்லாயிருந்தது, கை தானாச் சுத்தினது."

10.6, புதன்

சபைச் செயலாளர் சூசை அண்ணை வந்தார். அம்மாவின் தேத்தண்ணியைக் குடித்தபடி தீர்ப்பு. மாஸ்ரர் ஆர்மோனியம். சபைப் பெடியள் டோலக். நாங்கள் பின்னால் நின்று, கசற்றின் சுருதியில் பாடுவது மட்டும்.

"தேப்பனில்லாத குமருகள் மேளம் தட்டினா ஊர் என்ன கதைக்கும், அக்கா?" இது அம்மாவுக்கு. எனக்கு, "பட்டதாரிக்கு நான் சொல்லத் தேவையில்லை."

எங்கள் வீட்டின் முதல் பட்டம், எட்டு மாதம் ஆகிறது. பேச்சு இன்னும் வந்து சேரவில்லை.

அக்கா கீழ்ச் சுருதியில் பாடிப் பார்த்தாள். கடைசி அடியில் குரல், மணலில் இழுத்த வள்ளம். அழவில்லை. கிற்றாரைத் துணியால் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தாள்.

நாளைக்கு வாங்க: புளி, சவர்க்காரம். நான் படிப்பிக்கும் ஐந்தாம் வகுப்பின் கணக்குக் கொப்பிகள் திருத்த.

12.6, வெள்ளி

இன்று போனேன். தனியே. சூசை அண்ணையின் வேலியை மூன்று தரம் தாண்டி, மூன்று தரம் திரும்பி. அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணை, பாடினா மூண்டு பேரும் வாசிச்சுத்தான் பாடுவம். எங்கட சுருதியில. இல்லாட்டி நாளைக்கு எங்களைப் பாராதேங்கோ."

"சுருதி பிழையெண்டு மாஸ்ரரே சொன்னவரல்லோ?"

"பிழையெண்டு சொல்லேல்லை. மேல எண்டுதான் சொன்னவர்."

சிரித்தார். சரியாம், பாடட்டாம். ஆனால் ஜெனரேற்றருக்கு எண்ணெய் இல்லை, மைக்குக்கும் சைக்கிள்தான். றீற்றா டோலக்கில் இருந்தால் சுற்றுவது யார்? ஒரு பெடியனும் வரமாட்டானாம், அதை அவர் பார்த்துக்கொள்வாராம். இந்தக் காற்றில் மைக் இல்லாமல் முன்வரிசைக்கே கேளாது.

வீட்டில் சொன்னேன். அம்மா தான் சுற்றுவதாகச் சொன்னா. அவவுக்கு மூச்சிழுப்பு, ஒரு பாட்டுக்கும் தாங்காது. அக்கா கதிரையில் ஏறிக் கிற்றாரை இறக்கினாள்.

13.6, சனி, மாலை

பூசை முடிந்தது. கோவில் முற்றத்தில் பாய் விரித்து இருக்கிறோம். சைக்கிள் தலைகீழாக. மைக் றேடியோவில் பூட்டியாயிற்று. வயர் சரி. பெடலில் கை இல்லை. மதிலோரம் பெடியளின் சிரிப்பு, நடுவில் சூசை அண்ணை.

"சின்னக்கா, காலால சுத்திக் கையால தட்டட்டோ?" என்கிறாள் றீற்றா. செய்தாலும் செய்வாள்.

கொப்பி என் மடியில். பாட்டுத் தேடுவதுபோல எழுதுகிறேன். மாஸ்ரர் ஊருக்குத் திரும்பவில்லை. முன் வாங்கில், எங்களைப் பார்த்தபடி. நேற்றே கேட்க நினைத்து, அவர் தங்கிய வீட்டுப் படலைவரை போய்த் திரும்பிவிட்டேன். எழும்பிப் போகமுன் ஒருதரம் எழுதிப் பார்க்கிறேன், நாக்குத் தடக்காமல்:

"மாஸ்ரர், ஆர்மோனியம் நான் வாசிப்பன். நீங்கள் எங்களுக்குச் சைக்கிளைச் சுத்தி விடுவியளோ?"