குங்குமம் குடித்த கம்ப்யூட்டர்

போன வாரம் ஊசி போட்டுக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். தாதி என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன ஆன்ட்டி, கூசுதா?" என்றாள். கூச்சமெல்லாம் இல்லை, உன் நினைப்புதான். நீ கண்ணை மூடி இத்தனை நாளாகியும், அந்த வாசம் வந்தால் உன் வீட்டு முன்னறை என் கண்முன்னால் வந்து நிற்கிறது.

எண்பதுகளின் கடைசி அது. பாக்கார் ஆராங்கில் நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பாக்டரியில் ஆள் குறைத்தபோது உன்னையும் அனுப்பிவிட்டார்கள். நான் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உன் வீட்டுக்காரரின் அண்ணன் பண்டார் பாருவிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். ஓடினால் வைத்துக்கொள், ஓடாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்பது பேச்சு. நீ அதை வைத்து வீட்டிலேயே வகுப்பு நடத்தப்போவதாகச் சொன்னாய். செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து, பள்ளி முடித்துவிட்டுச் சும்மா இருந்த சில பெண்கள் திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. "டீச்சரம்மா கெளம்பிட்டாங்க" என்று உன் வீட்டுக்காரர் கிண்டலடித்தார். நீ சிரிக்கவில்லை. பாக்டரி வாசலிலிருந்து திரும்பி வந்த நாளுக்குப் பிறகு, இனி யாரும் என்னை வேண்டாமென்று சொல்லக் கூடாது என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாய்.

இடையில் சரஸ்வதி பூசை வந்தது. தையல் மெஷின், பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாவற்றோடும் கம்ப்யூட்டரையும் சேர்த்து வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சாம்பிராணியும் காட்டினாய். மறுநாள், சதுர உறைக்குள் மெல்லிய தட்டு இருக்கும் அந்தக் காலத்து டிஸ்க்கைப் போட்டால் கரகரவென்று ஒரு சத்தம். டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. இன்னொன்றைப் போட்டாய். அதுவும் அப்படியே.

"ரோசாக் ஆயிருச்சு லா, கெட்டுப்போச்சு. நாளைக்கு அண்ணன் வேன்ல வந்து தூக்கிட்டுப் போவட்டும்" என்று உன் வீட்டுக்காரர் கையை விரித்தார். போன் பண்ணியும் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து நேராக உன் வீட்டுக்கு வந்தேன். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்திருந்தாய்.

"இதெல்லாம் ஒனக்குத் தெரியுமாடி?"

"தெரியாது. தெரியாதவ ஒவ்வொன்னாத்தான் பாக்கணும். லைட்டு எரியுது. காத்தாடி சுத்துது. எழுத்து வருது. அப்புறம் எப்படி மொத்தமும் ரோசாக்?"

மிச்சமிருந்த ஒரே நல்ல டிஸ்க்கை நான் எடுத்து நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டாய். "ரெண்டு டிஸ்க்க முழுங்கிருச்சு. ஏன்னு தெரியாம மூணாவதையும் ஊட்டுவாங்களா?"

பிறகு, கெட்டுப்போன டிஸ்க் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தாய். உறையிலிருந்த நீள ஓட்டை வழியே உள்ளே இருக்கும் தட்டை மெல்லச் சுற்றிப் பார்த்தாய். கறுப்புத் தட்டில் சிவப்பாக ஒரு வளையம். இரண்டு பேரும் பெட்டியின் முகத்தைப் பார்த்தோம். டிஸ்க் போடும் வாய்க்கு நேர் மேலே நீ தாராளமாக வைத்த குங்குமம், காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது.

"பொட்டு வச்சது சரி, வாய்க்குள்ள எதுக்குடி ஊட்டுன?"

"சிரிக்காத லா. போயி ஒன் வீட்டு ஸ்பிரிட்ட எடுத்துட்டு வா."

டிஸ்க்கைப் படிக்கும் அந்தச் சின்ன முனையை நீ துடைக்கத் துடைக்க, பஞ்சு சிவப்பாகவே வந்தது. வாசலில் வேன் வந்து நின்றது. உள்ளே வந்த அண்ணன், உன்னிடம் ஒன்றும் கேட்காமல் திரையைத் தூக்கினார்.

"மாமா, அதக் கீழ வைங்க."

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அண்ணன் கீழே வைத்தார். பஞ்சு வெள்ளையாக வரும்வரை அந்த நல்ல டிஸ்க்கை நீ தொடவில்லை. நான் மாதாவை வேண்டிக்கொண்டேன், உன் சரஸ்வதியையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன். டிஸ்க்கைப் போட்டாய். கரகரப்பு இல்லை. பச்சை எழுத்துகள் வரிசையாக ஓடி நின்றன.

"நாளைக்கு எனக்கு வகுப்பு இருக்கு மாமா. டீ குடிச்சிட்டுப் போங்க."

அடுத்த வருடமும் பூசைக்குப் பொட்டு வைத்தாய், கம்ப்யூட்டர் மேசையின் காலில்.

என் வீட்டுக்காரர் வாதம் வந்து விழுந்தபோது, ஒரு பக்கம் போய்விட்டது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். போனது இருக்கட்டும், எதெல்லாம் இன்னும் வேலை செய்கிறது என்று நான் டாக்டரிடம் கேட்டேன். அங்கிருந்துதான் ஆரம்பித்தோம். இன்று அவரே கடைக்கு நடந்துபோய்ப் பேப்பர் வாங்கி வருகிறார். நீ போனதை மட்டும் ஒப்புக்கொண்டேன், வேறு வழியில்லாமல். இனி எதையும் அப்படிச் சும்மா ஒப்புக்கொள்ள மாட்டேன், போ.