வழுக்கும் பொத்தான்

நவ. 12, திங்.

இல்லை, டார்ச் எரியாதது பேட்டரிக் கட்டை பழசு என்பதால் அல்ல. பொத்தான்தான் காரணம். டார்ச்சைப் பைக்குள் போட்டால் புடவை மடிப்பு பட்டே பொத்தான் வழுக்கி மேலே ஏறிவிடுகிறது. பைக்குள் யாருக்காக எரிகிறதோ. வெளியே எடுக்கும்போது செத்துக் கிடக்கும். இதைச் செய்தவர் சுவரில் ஸ்விட்ச் உள்ள வீட்டில் இருப்பவர். இருட்டில் பைக்குள் கைவிட்டுத் துழாவியிருக்க மாட்டார்.

காலையிலிருந்து தூறல். எதிர்மலை தெரியவில்லை. பள்ளிக்குப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை.

வேறு எதிரிகள்:
ஸ்டவ். அணைக்கும் திருகு நெருப்புக்கு அடியில். அணைக்கச் சூட்டுக்குள் கைவிட வேண்டும்.
பேனா. மலை ஏறும் பஸ்ஸில் ஒவ்வொரு முறையும் கக்குகிறது. இறங்கும்போது ஒழுங்கு.
செங்கத்தில் வாங்கிய குடை. விரிக்க ஒரு விரல் போதும். மடக்க அந்த விரலின் தோல்.
மண்ணெண்ணெய் டின். சாய்த்தால் கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு மொத்தமாக.

டார்ச்சுக்கு மட்டும் வழி கண்டுபிடித்தாயிற்று. இரண்டு கட்டைகளில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு வைப்பது. பொத்தான் எங்கே வழுக்கினாலும் எரியாது, தீராது. தேவைப்பட்டால் இருட்டிலேயே மூடியைத் திருகி, கட்டையின் குமிழை விரலால் தடவி, நேராக்கிவிடுவேன். பழகிவிட்டது. பழகிய பிறகு எதுவும் கண்ணில் படுவதில்லை.

நாளை போளூர். ஆசிரியர் பயிற்சி. அக்கா வீட்டில் தங்கல். டார்ச்சைப் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவிடம் கொடுத்தேன். நிறைமாதம் அவளுக்கு. வலி வந்தால் அவள் கணவர் ஏழுமலை, மேட்டுப் பாறையில் நின்று வெளிச்சம் காட்ட வேண்டும். மலையில் போன் கிடையாது. எதிர்மலையில் ஜீப்காரர் வீடு. வாசல் இந்தப் பக்கம் பார்த்தது. பார்த்ததும் வண்டி எடுப்பார். போன வாரம் சோதித்தோம். நான்தான் எரியவைத்துக் கொடுத்தேன். ஏழுமலை ஆட்டினார். அங்கிருந்து ஜீப் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. பச்சையம்மா கைகொட்டிச் சிரித்தாள்.

ஏற்பாடு என்னுடையது. ரோட்டோரம் இருக்கும் அம்மா வீட்டுக்கு அவள் போய்விடுவதாகத்தான் இருந்தது. லைட்டுதான் இருக்குதே, இன்னாத்துக்குப் போவணும் என்று தங்கிவிட்டாள்.

மூட்டை கட்ட வேண்டும். சோப்பு, சீப்பு, வெள்ளைத்தாள்.

நவ. 13, செவ். போளூர்.

பகலெல்லாம் வெயில். அத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். அக்கா வீட்டுக் கூடத்து ஸ்விட்ச் கீழே தட்டினால் எரிகிறது. சமையலறையில் மேலே தட்ட வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு சட்டம்.

இருட்டத் தொடங்கியதும் கூடத்து ஸ்விட்சைத் தட்டினேன். கை அங்கேயே நின்றுவிட்டது.

கட்டை.

நேராக்காமல் கொடுத்திருக்கிறேன்.

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். பையிலிருந்து எடுத்தது, கொடுத்தது. பொத்தான் இதுதான் என்று விரலால் தொட்டுக் காட்டினேன். தள்ளிக் காட்டவில்லை. நிச்சயம். நிச்சயம்தானா. நிச்சயம்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். மலை பஸ் போய்விட்டது. இனி காலையில்தான்.

அக்கா சோறு போட்டுக்கொண்டே, "உன் டார்ச்சு வர்றதுக்கு முன்னாடி அந்த மலையில யாரும் புள்ள பெக்கலையாடி?" என்றாள். அத்தான் சிரித்தார்.

பெற்றார்கள். அப்போது டார்ச்சை நம்பி யாரும் அம்மா வீட்டுக்குப் போகாமல் இருக்கவில்லை.

பச்சையம்மாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இருக்கலாம்.

நவ. 14, புதன்.

விடியும் முன்பே மழை. மலைப்பாதையில் மரம் சாய்ந்து கிடக்கிறதாம், பஸ் ஏறாது. கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். வண்டி போனாத்தானேம்மா சேதி போவும் என்றார். நியாயம்.

பயிற்சி. நாற்காலியோடு எழுதும் பலகை. வலப்பக்கம். எனக்கு இடக்கை. உடம்பை முறுக்கிக்கொண்டு எழுதியதில் தோள் வலி. எதையும் குழந்தையின் கண்ணால் பார்க்கச் சொல்கிறார் வகுப்பெடுப்பவர். தாளில் டார்ச் படமாகவே வரைந்திருக்கிறேன்.

பொத்தானைச் செய்தவரைத் திட்டினேன். அவர் குறை வெளியே தெரிகிறது. நான் செய்த வழி உள்ளே, மூடிக்குப் பின்னால். என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. எது மோசமான சாதனம்?

ஒரு நம்பிக்கை. எரியவில்லை என்றால் திறந்து பார்ப்பார்கள். பார்த்தால் போதும். ஒன்று இப்படி, ஒன்று அப்படி. யார் கண்ணுக்கும் தெரியும்.

திறக்கட்டும். திறக்கட்டும்.

நவ. 15, வியாழன். வீடு.

பயிற்சிக்குப் போகவில்லை. காலை பஸ் ஏறியது. பேனா கக்கியது. துடைக்கவில்லை. கடைசி நிறுத்தத்திலிருந்து நடை. வழியெல்லாம் சேறு, வந்து சேர மாலையாகிவிட்டது. யாரையாவது பார்த்தால் கேட்கலாம். யாரும் வராமலிருந்தால் நல்லது என்றும்.

பச்சையம்மா வீட்டுக் கூரையில் புகை. உள்ளே குழந்தை அழும் சத்தம். வாசலிலேயே கொஞ்சம் நின்றேன்.

பெண். பச்சையம்மா சுவரோரம் படுத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. ஏழுமலை காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் பச்சிலைக் கட்டு.

செவ்வாய் இருட்டியதும் வலியாம். மழை இல்லை, எதிர்மலை தெளிவு. லைட் எரியவில்லை. ஈரம் இறங்கியிருக்கும் என்று கட்டைகளை எடுத்து அடுப்புக்கு மேல் பரணில் சூடேற வைத்திருக்கிறார்கள். திரும்பப் போட்டார்கள். எரியவில்லை. வெளிச்சம் இல்லாமல் ஏழுமலை ஓடையில் இறங்கிப் போனார். விழுந்தார். அந்தக் காலோடு எதிர்மலை ஏறி ஜீப்காரரை எழுப்பி வருவதற்குள் விடிந்து, குழந்தை பிறந்து, அவளுக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஜீப் மலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இன்று மதியம்தான் திரும்பினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம்.

கட்டையை எடுத்தபோது உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

பச்சையம்மாதான் சொன்னாள். "பாத்தோம் டீச்சர். ஒண்ணு தலகீழா இருந்துச்சி. இவுரு திருப்பலாமான்னாரு. நாந்தான் வேணான்னேன். டீச்சர் படிச்சவங்க, இன்னாத்துக்கோ அப்டி வெச்சிருப்பாங்க, நாம கைய வெச்சிக் கெடுத்துடக் கூடாதுன்னு."

ஏழுமலை தகரப்பெட்டியிலிருந்து டார்ச்சை எடுத்தார். துணி சுற்றியிருந்தது.

"நீங்க வெச்ச மாதிரியே இருக்குதுங்க. பாத்துக்குங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தான், பை, தலைகீழ்க் கட்டை, மறந்தது. குழந்தை நடுவில் அழுதது, நிறுத்தியது. ஏழுமலை டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, எரியக்கூடாதுன்னுதான் அப்டி வெச்சீங்களா?"

ஆமாம் என்றேன்.

பச்சையம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை.

மூடியைத் திருகிக் கட்டையை நேராக்கினேன். பொத்தான் நகராதபடி அதன்மேல் சிவப்புத் துணிக் கிழிசல் ஒன்றை இறுக்கிக் கட்டினேன், யார் கண்ணிலும் படும்படி. அவிழ்த்து எரியவைத்துக் காட்டினேன். அவரை எரியவைக்கச் சொன்னேன். பிறகு பச்சையம்மாவை. மறுபடி கட்டி அவர்கள் வீட்டு ஆணியிலேயே மாட்டிவிட்டு, அவளுக்குக் கஞ்சி வைக்க என் வீட்டில் ஸ்டவ் பற்றவைத்தேன்.