தர்ஷினியின் தேயிலைக்குக் கை தூக்காத தோட்டம்

ஜூலை 6

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. கூரைத் தகரத்தில் ஆணி கழன்றது. பறக்காமலிருக்க மேலே கல் ஏற்றியாகிவிட்டது.

அக்கா மகள் தர்ஷினி வந்தாள். ஆராய்ச்சி நிலையத்தில் உதவி விஞ்ஞானி. வெளியில் நான் பெரிய விஞ்ஞானி என்றே சொல்வது. இலையில் வரும் கொப்புள நோயைத் தாங்கும் தேயிலைக் கன்று செய்திருக்கிறாள். மரபணுவைத் திருத்தி, கண்ணாடிக் குப்பியில் வளர்த்ததாம். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் எனக்கு உடனே விளங்கியது: தடுப்பூசி போட்ட பிள்ளை மாதிரி.

அரசாங்கம் பணம் ஒதுக்கியாயிற்று. நம் தோட்டத்து மலையில் வலை கட்டி, சோதனைக்கு நடுவதாக உத்தேசம். ஒரே ஒரு நிபந்தனை, சுற்றியிருக்கிற சனம் சம்மதிக்க வேண்டும். செடி பாதுகாப்பானதா என்று பார்க்கும் குழு நேரில் வந்து கேட்கும். சம்மதம் கிடைத்தால் இரண்டு வருஷம் அக்கா வீட்டிலேயே இருப்பாள். அக்கா இப்போதே புது மெத்தை வாங்கிவிட்டது.

"மாமா, யாரும் கேட்டா நோய் தாங்குற செடின்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

சரி என்றேன்.

ஜூலை 9

ஹாலிஎல டவுனுக்குப் போனேன். ஆணி, வெங்காயம், பீடி. பஸ்ஸில் நம் தோட்டத்து ஆட்கள் நிறைய.

"அண்ணே, மருமக என்னமோ செடி கொண்டாருதாமே?"

சொன்னேன். மருந்து வேண்டாம், உரம் வேண்டாம். கொழுந்து தானாக ஒரே மட்டத்துக்கு வளரும். கொழுந்து வெட்டும் மெஷினை ஒரு தள்ளு, மலை முடிந்தது. இந்தக் கடைசி விஷயம் எங்கிருந்து வந்ததோ, சொல்ல நன்றாக இருந்தது. பஸ்ஸே வாய் பிளந்தது.

ஜூலை 15

குழு வந்தது. கூட்டத்தைப் பெரட்டுக்களத்தில் வைத்தார்கள். தினமும் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம். வேறு எங்காவது வைத்திருக்கலாம்.

தர்ஷினி அழகாக விளக்கினாள். பிறகு கொழுந்தெடுக்கும் ராசம்மா எழுந்தது.

"ஐயா, கொழுந்து தானா வளருமாம், மெஷின் வெட்டுமாம். அப்பறம் இந்தக் களத்துல எங்க பேரை யாரு கூப்பிடுவா?"

"யார் அப்படிச் சொன்னது?" என்று கேட்டார் குழு ஐயா.

"அந்தா நிக்கிறாரு, அந்தப் புள்ளையோட மாமன்."

"அது பொய்ங்க, கையாலதான் கிள்ளணும்" என்றாள் தர்ஷினி.

"மாமன் பொய்யி, மருமக மெய்யா? ஒரே வீடுதானே!"

சிரிப்பு. நான் எழுந்து, கூட்டிச் சொல்லிவிட்டேன், மன்னிக்கணும் என்றேன். உள்ளதை அப்படியே சொன்னேன்.

"மருமக கண்ணக் காட்டிருச்சு, அதான் மாத்திப் பேசுறாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சம்மதம் என்று ஏழெட்டுக் கைதான். குழு ஐயா மரியாதையாகவே சொன்னார், சனம் வேண்டாம் என்றால் இங்கே நட முடியாது. சட்டம் சரியாகத்தான் வேலை செய்தது. கேட்டார்கள், சொன்னார்கள். சனத்தின் காதில் போட்டது நான்.

ஜூலை 27

கன்றுகள் வேறு மாகாணத்துக்கு. தர்ஷினியும். பஸ் வரைக்கும் பெட்டி தூக்கினேன். அக்கா என்னோடு பேச்சில்லை.

"அங்கேயும் கூட்டம் வைப்பாங்களாம்மா?"

"வைப்பாங்க மாமா. பயப்படாதீங்க, அங்க எனக்கு மாமா யாரும் இல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.