நான் எழுதிக் கொடுத்த நான்கு வரி

ஹெர்னிங்,
14 ஏப்ரல் 1991, ஞாயிறு

அன்புள்ள சித்ஸெலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம், உன் அப்பாவின் இடுப்பு வலியைத் தவிர, அதை அவர் வலி என்றே ஒத்துக்கொள்வதில்லை. பஸ்ஸில் ஏறி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறதாம், இறங்கும்போதுதான் கொஞ்சம் தகராறாம். நீ அங்கே லண்டனில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிராத ஓர் அறையில் உட்கார்ந்து இதைப் படிப்பதாக நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், அப்படி இல்லையென்றாலும் எனக்கு எழுதாதே, ஏற்கெனவே மனசு சரியில்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மொத்தம் ஐந்து வரி. வழக்கமாக நான்கு பக்கம் எழுதுகிறவள் ஐந்து வரியோடு நிறுத்தினால் கோபம் என்று எனக்குத் தெரியாதா? விளம்பரப் படிப்புக்கான நேர்முகத்தில் அந்தப் பள்ளிக்கூடத்து அம்மாள் என் நற்சான்றுக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு "உங்க அம்மாவுக்கு உங்க மேல ஏதாவது கோபமா?" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். எனக்கு அடுப்படியில் நின்றபடியே முகம் சிவந்துவிட்டது. முதலில் அந்த அம்மாள் மேல்தான் ஆத்திரம் வந்தது, பெற்றவளைப் பற்றி இப்படிக் கேட்க இவள் யார் என்று. அப்புறம் அலமாரியைத் திறந்து நகலை எடுத்துப் படித்தேன். சித்ஸெல் எங்கள் தையல் கூடத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். நேரத்துக்கு வருவாள். அவள் வரைந்த கால்சட்டைகளைப் பற்றிப் புகார் எதுவும் வரவில்லை. மற்றவர்களோடு ஒத்துப்போவாள். இவ்வளவுதான். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. முதலில் ஐந்து வரி எழுதியிருந்தேன். அவளுக்குச் சொந்தமாக யோசனைகள் உண்டு என்று ஒரு வரி. அதை இங்கிலீஷில் மாற்றித் தரச் சொல்லி இங்கர்லீஸாவிடம் எடுத்துப்போனேன், உனக்கு ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் எடுத்தவளேதான், இப்போதும் அதே மூக்குக்கண்ணாடி. அவள் அந்த வரியைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். "ராக்னில்டு, சொந்தப் பொண்ணைப் பத்தி யாராச்சும் இப்படித் தூக்கி வச்சு எழுதுவாங்களா? லண்டன்காரங்க நம்மள என்ன நினைப்பாங்க?" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, கூச்சமாகக்கூட இருந்தது, அந்த வரியை அடிச்சுடு என்றேன். இரண்டு பேரும் காபி குடித்துவிட்டு, நல்ல கடிதம் எழுதியிருக்கிறோம் என்ற திருப்தியோடு பிரிந்தோம். இந்த ஊரில் அதை வாசிக்கிற யாராக இருந்தாலும் அந்த நான்கு வரியைப் பார்த்தவுடன் உன்னை வேலைக்கு எடுத்திருப்பார்கள். புகார் வரவில்லை என்பதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்? ஆனால் லண்டனில் வேண்டியிருக்கிறது போலிருக்கிறது.

உன் அப்பா டூட்டி முடிந்து வந்ததும் நகலை அவரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். "போன வருஷம் தையல் மெஷின் கம்பெனிக்கு எழுதினியே, அந்த மெஷினைக்கூட இதைவிட நல்லாப் புகழ்ந்திருந்தியே" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்து ஷூவைக் கழற்றிவிட்டு, ரொம்ப மெதுவாக, "அவ இங்கயே திரும்பி வந்துடணும்னு நினைச்சு எழுதினியா?" என்று கேட்டார். சித்ஸெல், நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் என்னை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. போய் உருளைக்கிழங்கை இறக்குங்க என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி வியாழனிலிருந்து என்னோடேயே நடக்கிறது. வெட்டும் மேஜையில் நிற்கும்போதும் கூடவே நிற்கிறது, வெள்ளிக்கிழமை ஒரு கட்டுத் துணியைக் கோணலாக வெட்டி வீணாக்கிவிட்டேன், இருபது வருஷத்தில் செய்யாத தப்பு. வேண்டுமென்று எழுதவில்லை, இது சத்தியம். ஆனால் நீ சேர முடியாமல் போனால் என்ன செய்வாய் என்று யோசித்தபோது, உன் பழைய மேஜை ஜன்னல் ஓரம் இன்னும் காலியாகத்தானே இருக்கிறது என்று ஒரு எண்ணம் வந்தது உண்மை. அது வந்தபோது எனக்கு வருத்தமாக இல்லை என்பதும் உண்மை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு எதை எழுதினாலும் பொய்யாகிவிடும்.

என் பயமெல்லாம் என்னவென்று கேட்டால், உனக்கு இருபத்தொன்பது ஆகிறது. நான்கு வருஷம் ஆடை வடிவமைப்பு படித்தாய், நம் கூடத்தில் இரண்டு, அந்தப் பெரிய ஃபேஷன் கம்பெனியில் நான்கு, இப்போது மறுபடியும் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இருபது வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காரப் போகிறாய். அதுவும் புகழ்ந்து பேசுகிற தொழிலுக்கு. நம் வீட்டில் யாருக்கும் வராத ஒரே விஷயம் அதுதான். உன் அண்ணன் யெப்பிடம் சொன்னேன், "அவ சின்ன வயசுலேயே பக்கத்து வீட்டுக்காரனுக்கு அவனோட சைக்கிளையே வித்திருப்பா, விடுங்கம்மா" என்கிறான். அவனுக்கு எல்லாம் விளையாட்டு. அவன் பெண் அனேத்தாவுக்கு மே ஐந்தாம் தேதி சர்ச்சில் உறுதிபூசுதல் சடங்கு, அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் சேர்ந்து பாட ஒரு பாட்டு நீதான் எழுதி அனுப்ப வேண்டுமாம், போன தடவை பெரியவனுக்கு யெப்பே எழுதிய பாட்டைப் பாதிப் பேர் பாடாமல் சாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெட்டு எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும்.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன். உன் கடிதத்தோடு நீ வைத்திருந்த பள்ளிக்கூடத் தாளின்படி புதிதாக இரண்டாவது கடிதம் மாதக் கடைசிக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும், கூடவே அவர்களுடைய கேள்வித்தாளும். நேற்று முழுவதும் அதைத்தான் எழுதினேன். இந்த முறை அந்த அட்டை விஷயத்தை எழுதியிருக்கிறேன். டைல்ஸ் பதிக்கிறவர்களுக்கென்று நீ முட்டியில் பஞ்சு வைக்கிற பை தைத்துக் கொடுத்தாயே, அந்தக் கால்சட்டை கட்டிடச் சாமான் கடையில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தொங்கியது, ஒருவரும் சீண்டவில்லை. நீ ஒரு நாள் அட்டையில் இரண்டு வரி எழுதி ஒவ்வொன்றிலும் கட்டிவிட்டாய். உங்களுக்கு முட்டி இரண்டுதான். கால்சட்டை எத்தனை வேண்டுமானாலும் நாங்கள் தைத்துத் தருகிறோம். மூன்று வாரத்தில் கடைக்காரர் போன் பண்ணி இன்னும் கேட்டார். அப்போது நான் உன்னிடம், நூல் கலரை மாற்றியதால் இருக்கும் என்றேன். நூல் கலரால் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அந்த வருஷம் கோடையில் நம் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு டைல்ஸ்காரருடைய வேன் நின்றிருந்தது, முன்கண்ணாடியில் உன் அட்டையை ஒட்டியிருந்தார். நான் அந்த வேனை இரண்டு தடவை சுற்றி வந்தேன், சித்ஸெல். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று பயந்துகொண்டே சுற்றினேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொன்னால் உனக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று. ஆறு வருஷம் ஆகிறது. நேற்றுத்தான் உன் அப்பாவிடமே சொன்னேன், இன்றைக்கு உன்னிடம் சொல்கிறேன். அதை அந்த லண்டன் அம்மாளுக்கும் அப்படியே எழுதியிருக்கிறேன், வேனைச் சுற்றியது உட்பட. இங்கர்லீஸா டைப் அடித்துக்கொண்டே "எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு, ராக்னில்டு" என்றாள். ஒரு வார்த்தையையும் தொடக்கூடாது என்று பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

கேள்வித்தாளில் கடைசிக் கேள்விதான் என்னைப் படாதபாடு படுத்திவிட்டது. இவர் மறுபடி வேலை கேட்டு வந்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டிருந்தார்கள். ஆம், இல்லை என்று இரண்டு கட்டம், கீழே காரணம் எழுத ஒரு கோடு. ஆம் என்று போடத்தான் கை போனது, யாராக இருந்தாலும் அதைத்தான் போடுவார்கள், உன் அப்பாவும் "அதுல என்ன யோசனை, டிக் பண்ணு" என்றார். நான் தையல் கூடத்தில் பேனாவும் கையுமாக, ஜன்னல் ஓரத்து உன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டேன். அவர் கத்தியே விட்டார். கீழே எழுதியதைப் படித்த பிறகு கைக்குட்டையைத் தேடிக்கொண்டு போனார். மாட்டேன், அவளை எடுத்துக்கொண்டால் நான் அவளை இங்கேயே வைத்துக்கொள்வேன், அவளுக்கு எங்கள் கூடம் போதாது, இது எனக்கு அவள் இங்கிருந்து போவதற்கு முன்பே தெரியும் என்று எழுதினேன். இதையும் அவர்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்களோ என்று பயமாகத்தான் இருக்கிறது. அதனால் இது கைக்குக் கிடைத்ததும் நீயே அந்த அம்மாளைப் போய்ப் பார்த்து, எங்க அம்மா எழுதினது பூரா நிஜம், அவங்களுக்கு இதுக்கு மேல எழுத வராது என்று சொல்லிவிடு, மறந்துவிடாதே. கிடைக்காமல் போனாலும் பதறி ஓடி வராதே. அங்கேயே இருந்து அடுத்த வருஷம் மறுபடி கேள், நான் மறுபடி எழுதித் தருகிறேன்.

கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும், நீ எடுத்த காரியம் கைகூடட்டும். உன் அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

நாளைக்குக் காலையில் உன் பழைய மேஜைக்குக் கிர்ஸ்டன் என்று ஒரு புதுப்பெண் வருகிறாள். நேற்று மத்தியானம் நானே போன் பண்ணி வரச் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா,
ராக்னில்டு